பல்கலைக்கழகம் மேலதிக விவரம் கேட்டபோது: நம்மவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை:

ஏ.எல். (க.பொ.த. உயர்தரம்) முடித்துவிட்டு இந்தியாவுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வணிகப் பிரிவில் படித்தேன். ஐ.சி.சி.ஆர். என்கிற இந்தியக் கலாசார உறவுகள் சபை வழங்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருந்தேன். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போவது ஏ2ஏ என்கிற அவர்களின் இணையத்தளம் வழியாகத்தான். நான் விண்ணப்பித்தபோது ஐந்து பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் போட வேண்டியிருந்தது, ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டியிருந்தது. அதையெல்லாம் முடித்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

நான் போட்ட ஐந்தில் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வந்தது வியாழக்கிழமை, நான் பார்த்தது சனிக்கிழமை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் இல்லை. கோயிலடி மேட்டுக்கு ஏறினால்தான் போனில் இரண்டு கோடு வரும். நான்கு விஷயங்கள் கேட்டிருந்தார்கள், ஏழு நாளுக்குள் அனுப்பச் சொல்லி. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லி அழுதேன். பிறகு எங்களுக்குக் கணக்கீடு படிப்பித்த சேருக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். "வேண்டாம் என்றால் எதுக்கு மகள் கேள்வி கேட்கப் போறாங்க? பதில் எழுதுவோம்" என்றார்.

முதல் கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டிருந்தார்கள். நமது ஏ.எல். பெறுபேற்றில் ஏ, பி, சி என்று தரமும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியும்தான் இருக்கும், நூற்றுக்கு இத்தனை என்று இருக்காது. பொருளியலுக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் பி. டவுனில் ஸ்கேன் பண்ணப் போன கொமியூனிகேஷன் கடையில் இருந்த பையன், "அக்கா, 80, 70, 70 என்று போடுங்க, யார் பார்க்கப் போறது" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனாலும் என் கை போகவில்லை. நாளைக்கு யாராவது பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்டால் நான் எங்கே போவேன்? சேரும் அதையேதான் சொன்னார். அதிபரின் கடிதத் தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினோம்: இலங்கையில் பெறுபேறு தரமாகவே வெளியாகும்; ஏ என்றால் 75 அல்லது அதற்கு மேல், பி என்றால் 65 முதல் 74 வரை; தனிப் புள்ளிகள் பெறுபேற்றுத் தாளில் வருவதில்லை. அதிபர் கையொப்பம், முத்திரை, பாடசாலைத் தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

இரண்டாவது, மைக்ரேஷன் சர்டிபிகேட். இது என்னவென்று பாடசாலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தியாவில் ஒரு பரீட்சைச் சபையிலிருந்து, அல்லது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, இன்னொன்றுக்குப் போகும்போது கொடுக்கிற பத்திரமாம். நமக்கு நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சைத் திணைக்களம், அப்படி ஒரு பத்திரமே கிடையாது. பாடசாலை விடுகைப் பத்திரத்தை அனுப்பி, "எங்கள் நாட்டில் இந்தப் பத்திரம் வழங்கப்படுவதில்லை, இதற்குப் பதிலாக இதை இணைக்கிறேன்" என்று எழுதினேன். இல்லாததை இல்லை என்று எழுதலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றாவது, ஆங்கிலம். தமிழ் மொழிமூலம் படித்ததால் கேட்டிருக்கிறார்கள். ஏ.எல். தாளிலேயே பொது ஆங்கிலத்தின் தரம் இருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டினேன், வேறொன்றும் அனுப்பவில்லை.

நான்காவது, பெயர். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு 'ய' இல்லை. நான் பிறந்த வருஷம் யாரோ சிங்களத்தில் எழுதும்போது விட்டுவிட்டார்கள். அடையாள அட்டையில் இருக்கிறது. பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும். இங்கே நமக்கு இது பழகிப்போன விஷயம், அங்கே இருக்கிறவருக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். அந்தச் சான்றிதழ் ட்ரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில், ஒரு பொலித்தீன் பையில் இருந்தது. நான்காக மடித்து வைத்த மடிப்பு சரியாகப் பதிவு இலக்கத்தின் மேலேயே ஓடுகிறது. லயத்து பல்ப் வெளிச்சத்தில் போனில் எடுத்த படத்தில் அந்த இலக்கம் மட்டும் தெரியவேயில்லை. டவுனில் கண்ணாடிக்கு அடியில் அழுத்தி ஸ்கேன் எடுத்த பிறகுதான் வாசிக்க முடிந்தது. சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் சத்தியக் கடதாசி முடித்தோம். அப்பா இல்லாததால் அம்மாவும் கூட வர வேண்டியிருந்தது. காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டுப் பகலோடு வந்தார். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான்.

செவ்வாய் இரவு கோயிலடியில் நின்று அனுப்பினேன். அவர்கள் கேட்ட அதே வரிசையில் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி. பாட்டுப் போட்டிச் சான்றிதழ், அறநெறிப் பாடசாலைச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பவே எனக்கு ஆசை. சேர் விடவில்லை. கேட்காததை அனுப்பினால் கேட்டதைத் தேட வேண்டி வரும் என்றார்.

பண்டாரவளையிலிருந்து ஓர் அண்ணா:

தங்கச்சி எழுதியதை வாசித்ததும் என் அக்கா மகளின் கதை ஞாபகம் வந்தது. அவள் விண்ணப்பித்தது கனடாவுக்கு. பாடசாலைக்கு வெளியே என்னென்ன செய்தாய் என்ற பகுதியை வெறுமையாகவே விட்டுவிட்டாள். சாரணர் இல்லை, விவாதக் கழகம் இல்லை, பியானோ இல்லை, என்னத்தை எழுதுவது என்று கேட்டாள். அந்தப் பகுதியை நிரப்பச் சொல்லித் திரும்பவும் கேட்டிருந்தார்கள்.

நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நாளை அப்படியே சொல்லச் சொன்னேன். விடிய ஐந்து மணிக்குப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறாள். பாட்டிக்கு இன்சுலின் ஊசி போடுவது அவள்தான், பதினான்கு வயதிலிருந்து. பின்னேரத்தில் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். "இதையெல்லாம் எழுதுவாங்களா மாமா?" என்றாள். எழுத வேண்டும் பிள்ளைகளே! அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கிற கொமன் அப்ளிகேஷன் என்கிற பொது விண்ணப்பத்தில்கூட, செயற்பாடுகளின் வகைகளில் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை வருஷம், உறுதிப்படுத்தக்கூடியவர் யார் என்று போட்டோம். பரிதாபம் தேடுகிற மாதிரி ஒரு சொல்லும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஊசிக்கு மருந்து எத்தனை அலகு என்று பார்த்து எடுப்பதைப் பற்றி எழுதியதுதான் அதில் மிக நல்ல இடம்.

இடம் கிடைத்தது. ஆனால் கட்டணத்துக்கு வழி இல்லாததால் அவள் போகவில்லை, உள்ளூரில்தான் படிக்கிறாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை:

உள்நாட்டு அனுமதியிலும் இது நடக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பது படித்த பாடசாலையைப் பொறுத்தது. அதனால் இடையில் பாடசாலை மாறிய பிள்ளைகளிடம் ஆதாரம் கேட்பார்கள். என் மாணவன் ஒருவனிடம் அப்படிக் கடிதத்தில் கேட்டிருந்தார்கள். கடிதம் தோட்ட ஆபீஸில் ஒன்பது நாள் கிடந்தது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை, தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். யாராவது அந்தப் பக்கம் போனால்தான் கடிதம் கைக்கு வரும். ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு மேசை மூலையில் ஒன்பது நாள் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதன் பிறகு என் வகுப்பில் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: விண்ணப்பத்தில் டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியைப் போடுங்கள், மின்னஞ்சலை இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது பாருங்கள், ஸ்பாம் பகுதியையும் சேர்த்து. கிராம சேவகரின் சான்றும் அதிபரின் சான்றும் கேட்கும் முன்பே எடுத்து வையுங்கள். அந்த மாணவன் நேரே கொழும்புக்குப் போய்த்தான் கொடுத்தான். இரவு ரயிலில் நானும் கூடப் போனேன்.

தலவாக்கலைத் தங்கை மறுபடியும்:

டீச்சர், தோட்ட ஆபீஸ் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அண்ணாவின் நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்த பிறகுதான் வந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு: அடுத்த நாளே "கிடைத்தது" என்று ஒரு வரி வந்தது. பிறகு பத்தொன்பது நாள் ஒன்றுமில்லை. இடையில் ஒரு தடவை எழுதிக் கேட்கலாமா என்று சேரிடம் கேட்டேன், பொறு என்றார். இருபதாம் நாள் அனுமதி வந்தது. அம்மா கொழுந்து நிறுத்துக்கொண்டு நின்ற இடத்துக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். நிறுவை முடியும் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அந்த 'ய' பிரச்சினை தீர்ந்துச்சா புள்ள?" என்றுதான் கேட்டார்.

அதிபர் கடிதத்தின் வாசகமும் சத்தியக் கடதாசியின் வாசகமும் என்னிடம் இருக்கின்றன. பெயர்களை மறைத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். பகலில் பதில் வராவிட்டால் பின்னேரம் வரும், மேட்டுக்கு ஏறின பிறகு.