மலைமுகட்டில் தொங்கும் பனிக்கு ஒரு சொல்: ‘பனிக்கொடுங்கை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் மலையேற்ற நண்பர்களிடையே கொஞ்ச நாளாக ஒரே பேச்சு, குர்ட் டீம்பெர்கர் 1957-இல் காரகோர மலைத்தொடரில் எடுத்த படங்களைப் பற்றித்தான். பிராட் பீக் சிகரத்தை (8,051 மீட்டர்) மனிதர் முதன்முதலாக ஏறிய பயணம் அது. மார்கஸ் ஷ்முக், ஃபிரிட்ஸ் வின்டர்ஷ்டெல்லர், ஹெர்மன் பூல், டீம்பெர்கர் என்று ஆஸ்திரியர் நால்வர். உயரத்தில் சுமை தூக்க ஆள் இல்லை, ஆக்சிஜன் உருளை இல்லை. கயிறு, கூடாரம், உணவு எல்லாவற்றையும் தாங்களே முதுகில் சுமந்து மூன்று முகாம் போட்டார்கள். ஜூன் 9 அன்று நால்வருமே உச்சியைத் தொட்டுவிட்டார்கள்.

அன்று மாலை நடந்ததுதான் எங்களைக் கட்டிப்போட்டது. 25 வயது டீம்பெர்கர் உச்சிக்குப் போய்விட்டு இறங்கி வருகிறார். எதிரே பூல் இன்னும் ஏறி வந்துகொண்டிருக்கிறார். 1953-இல் நங்க பர்பத் உச்சியைத் தனியாளாகத் தொட்டவர் பூல். அந்த ஏற்றத்தில் பனிக்கடியால் கால்விரல் இழந்தவர். அந்தக் காலோடு ஏறுகிறவரை விட்டுவிட்டுப் போக டீம்பெர்கருக்கு மனமில்லை. திரும்பி அவரோடு மறுபடி ஏறுகிறார். இருவரும் உச்சி சேரும்போது பொழுது சாய்கிறது. அந்த வெளிச்சத்தில் பூலை அவர் எடுத்த படத்தை எங்களில் ஒருவராலும் சட்டென்று தாண்ட முடியவில்லை. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டிய நேரத்தில், அத்தனை உயரத்தில், கேமராவை வெளியே எடுக்க ஒருவருக்குத் தோன்றியதே பெரிது.

இந்தப் படங்களுக்குத் தமிழில் விளக்கவரி எழுதும் பொறுப்பு எனக்கு. முகடு, முகாம், பனியாறு, பனிப்பிளவு என்று பெரும்பாலானவற்றுக்குச் சொல் கைவசம் இருக்கிறது. ஒரு படத்துக்கு மட்டும் இல்லை.

பிராட் பீக் முடிந்த 18-ஆம் நாள், ஜூன் 27. பூலும் டீம்பெர்கரும் ஒரே ஒரு கூடாரத்தை மேலே மேலே நகர்த்திக்கொண்டு பக்கத்துச் சோகோலிசாவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 7,000 மீட்டருக்கு மேல் புயல் பிடித்துக்கொண்டது. கண் தெரியாத மூட்டத்தில் இறங்கத் தொடங்கினார்கள். இருவரையும் இணைக்கும் கயிறு இல்லை. முன்னால் டீம்பெர்கர், பின்னால் பூல். முகடு வளைகிற இடத்தில் பூல் வளையாமல் நேரே நடந்தார். அவர் கால் வைத்த இடத்தில் மலை இல்லை, மலை மாதிரித் தெரிந்த பனி இருந்தது. அது உடைந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. டீம்பெர்கர் எடுத்த படத்தில் காலடித் தடம் விளிம்பை நோக்கிப் போகிறது; பனி முறிந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

அந்த முறிந்த பொருளுக்குத்தான் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் அதைக் ‘கார்னிஸ்’ (cornice) என்பார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முகட்டின் ஒரு பக்கம் காற்று மோதுகிறது. அங்கிருந்து வாரி வந்த பனியைக் காற்று மறைவுப் பக்கத்தில் இறக்குகிறது. பள்ளிப் புவியியலில் படித்தோமே, காற்று மோதும் பக்கம், காற்று மறைவுப் பக்கம், அதே சொற்கள்தாம் இங்கும். இறங்கும் பனி முகட்டின் விளிம்பில் ஒட்டி, அடர்ந்து, அந்தரத்தில் வெளியே நீள்கிறது. நீள நீள எடை தாளாமல் கீழ்நோக்கிச் சுருள்கிறது. மேலே நடப்பவருக்கு அது சமதரை போலத்தான் தெரியும். அடியில் ஒன்றுமில்லை என்பது பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கே தெரியும்.

கைக்கு வந்த சொற்கள்: ‘பனிவிளிம்பு’ போதாது. பனியாற்றுக்கும் விளிம்பு உண்டு, பனிப்பிளவுக்கும் உண்டு. ‘பனித்தொங்கல்’ என்றால் ஈட்டி மாதிரித் தொங்கும் பனிக்குச்சியைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ‘பனித்தாழ்வாரம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். தாழ்வாரம் இன்று உட்கார்ந்து பேசுகிற இடமாகிவிட்டது.

என் பரிந்துரை ‘பனிக்கொடுங்கை’. கோயில் மண்டபத்தின் மேல்விளிம்பில் வெளியே நீண்டு, வளைந்து இறங்கும் கல்லுக்குச் சிற்பிகள் வழங்கும் பெயர் கொடுங்கை. கொடு என்றால் வளைவு. கொடுவாளில் இருப்பதும் அதுதான். சுவரைத் தாண்டி நீள்வது, அடியில் தாங்கல் இல்லாதது, நுனி கீழ்நோக்கி வளைவது மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து

மறுமொழி: ‘பனிக்கொடுங்கை’

அன்புள்ள தம்பிக்கு,

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நான் ஒப்பமாட்டேன். கட்டடத் துறையில் காலம் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

> அடியில் தாங்கல் இல்லாதது

ஆவுடையார்கோயிலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். கல்லிலேயே வரிச்சட்டம், கல்லிலேயே ஆணித்தலை, மரவேலையை அப்படியே கல்லில் இறக்கியிருப்பார்கள். தொங்கும் பகுதிக்குச் சமமாகப் பின்னால் பாரம் ஏற்றி நிறுத்திய வேலை அது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக விழாமல் நிற்கிறது. ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்ற வழக்கு நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். கொடுங்கை என்றதும் தமிழனுக்கு நினைவு வருவது அதன் உறுதிதான். நீங்கள் பெயர் வைக்கப்போவதோ மிதித்தால் உடையும் பொருளுக்கு. ஆளைக் கொல்லும் ஒன்றுக்கு நம்பிக்கை தரும் பெயர் கூடாது.

எங்கள் கொத்தனார்கள் சுவர் விளிம்புப் பூச்சு வேலைக்குக் கார்னிஸ் என்றே சொல்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாம். தமிழ்தான் வேண்டுமென்றால் ‘பனியிறவாணம்’ என்று வையுங்கள். ஓட்டு வீட்டில் கூரை சுவரைத் தாண்டி நீளும் பகுதிதான் இறவாணம். கிராமத்து ஆளுக்கும் புரியும். அதில் யாரும் ஏறி நிற்கமாட்டார்கள்.

திருச்சியிலிருந்து

மறுமொழி: ‘பனிக்கொடுங்கை’

வணக்கம் ஐயா, வணக்கம் அண்ணா.

நான் சுவிஸில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே மாரிகாலத்தில் மலைப்பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சாமான் நல்லாத் தெரியும். டீம்பெர்கரின் மொழியில் இதற்கு ‘வெஹ்டெ’ என்று பெயர். காற்று வீசுகிறது என்ற வினையில் இருந்து வந்த சொல். 1996 எழுத்துச் சீர்திருத்தத்தில் அந்த வேர் விளங்கவேண்டும் என்று எழுத்தைக்கூட மாற்றினார்கள். ஆக, ஜெர்மன்காரர் இதன் வடிவத்தைப் பார்க்கவில்லை, இதைச் செய்தது யார் என்று பார்த்திருக்கிறார்கள். ‘வளிப்பனி’ என்பதுபோல ஏதும் யோசிக்கலாமோ?

இன்னொரு விசயம். இங்கே முதலில் சொல்லித்தருவது, விளிம்பில் இருந்து தள்ளி நட என்பது இல்லை. இன்னும் நல்லாத் தள்ளி நட என்பதுதான். அது உடையும்போது தொங்குகிற துண்டு மட்டும் போகாது. உடைகிற கோடு முகட்டுக்கு உள்ளே, நாங்கள் கெட்டியான தரை என்று நினைக்கிற இடத்தில் ஓடும். கீழே பாறை இருக்கிறது என்று நம்பி நிற்கிறவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் எந்தச் சொல்லை எடுத்தாலும், அந்தக் கோட்டுக்கும் ஒரு பெயர் வையுங்கோ. உயிர் தப்புவதற்கு அதுதான் முக்கியம்.

ஐயா சொன்ன இறவாணம் எங்கட ஆட்களில் இளையவர்களுக்கு விளங்காது. கொடுங்கையும் விளங்காதுதான். ஆனால் ‘கொடும்’ என்று காதில் விழுந்த உடனே ஒரு பயம் வரும். அது நல்லது.

மறுமொழி: ‘பனிக்கொடுங்கை’

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

ஐயாவின் மறுப்பு கனமானது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். சோகோலிசாவில் பூலை ஏமாற்றியது அந்த உறுதியான தோற்றம்தானே? உலகின் தலைசிறந்த மலையேறிகளில் ஒருவர், கெட்டித் தரை என்று நம்பிக் கால் வைத்தார். பார்த்ததும் பயப்படும்படி அது இருந்தால் ஆபத்தே இல்லை. அந்தத் தோற்றத்தைச் சொல்லில் மறைப்பதைவிட, ‘பனி’ என்ற முன்னொட்டோடு அப்படியே காட்டுவது மேல். கல் கொடுங்கை நிற்கும், பனிக்கொடுங்கை விழும் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொடுக்கலாம். தங்கை சொன்ன ‘கொடும்’ நான் யோசிக்காத பலம். வளைவு என்ற பொருள் தெரியாதவர்க்கும் எச்சரிக்கை போய்ச்சேரும்.

இறவாணத்தை நான் ஒதுக்கவில்லை. பொதுமக்களுக்கு எழுதும் கட்டுரையில் ஓரிடத்தில் ‘கூரை இறவாணம்போல் நீளும் பனிக்கொடுங்கை’ என்று விளக்கலாம். ஆனால் கலைச்சொல்லாக நிற்க வேண்டுமென்றால் கிளைச்சொல் பிறக்க வேண்டும். முகட்டின் இரு பக்கமும் நீண்டிருந்தால் இரட்டைக் கொடுங்கை, உடைந்தால் கொடுங்கை முறிவு, அதன் அடிப்பகுதி கொடுங்கையடி. நாக்கு தடுக்காமல் வருகிறது. ‘இரட்டைப் பனியிறவாணம்’ என்று சொல்லிப் பாருங்கள், இடறும்.

‘வளிப்பனி’யும் நல்ல சொல். அதைக் காற்று அடித்து வந்து படிந்த எல்லாப் பனிக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பனிச்சரிவு பற்றி எழுதுகிறவர்களுக்கு அது தனியாகவே தேவை. வளிப்பனி வளர்ந்தால் பனிக்கொடுங்கை என்று இரண்டும் பொருந்திவிடுகின்றன.

தங்கை கேட்ட கோட்டுக்கு ‘முறிகோடு’ என்பது என் முன்மொழிவு. இதில் எனக்கு அக்கறை அதிகம். விளிம்பு கண்ணுக்குத் தெரியும், முறிகோடு தெரியாது. ‘முகட்டில் நடக்கும்போது காற்று மோதும் பக்கமாக, முறிகோட்டுக்கு வெகு கீழே தடம் போடுக’ என்று ஒரு பயிற்சிக் கையேட்டில் எழுத முடிந்தால் அது போதும், இந்தச் சொல் பயன்பட்டுவிட்டது.

சொற்களை உண்மையான வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

“1909-இல் அப்ரூசி கோமகன் இதே சோகோலிசாவில் சுமார் 7,500 மீட்டர் வரை ஏறினார். ஒரு பக்கம் பனிக்கொடுங்கை, எதிரே மூடுபனி, திரும்பினார். அப்பயணத்தின் படங்களை எடுத்தவர் விட்டோரியோ செல்லா.”

“சோகோலிசா, 27 ஜூன் 1957. முறிந்த பனிக்கொடுங்கையின் விளிம்பில் முடியும் ஹெர்மன் பூலின் காலடித் தடம். படம்: குர்ட் டீம்பெர்கர்.”

இரண்டாவதை நண்பர்களிடம் படித்துக் காட்டினேன். யாரும் ‘கொடுங்கை என்றால் என்ன’ என்று கேட்கவில்லை. படத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள்.

ஐயா இன்னும் ஒப்பவில்லையென்றால் எழுதுங்கள், பேசுவோம். மற்றவர்களும் சொல்லுங்கள். மறுப்பு எதுவும் வராவிட்டால் பனிக்கொடுங்கை, முறிகோடு, வளிப்பனி மூன்றையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். ‘கொடுங்கையடி’யைச் சேர்க்கவில்லை, அதற்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கலாம், தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
கோவையிலிருந்து