அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த அம்மன் காசு

எங்கள் வீட்டில் சாவியோ கம்மலோ காணாமற்போனால், அப்பத்தா தேடுவதற்கு முன் ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்து, "அரைக்காசு அம்மா, கண்ணில் காட்டிவிடு" என்று வேண்டிக்கொள்வார். அந்த அம்மன் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் என்பது எனக்குத் தெரியும். பெயரில் காசு எப்படி வந்தது என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பத்தா காலமான பிறகு அவருடைய சுருக்குப்பையைப் பிரித்தபோது, வெற்றிலைக் காம்புகளுக்கும் பாக்குத் தூளுக்கும் நடுவே, சட்டைப் பொத்தான் அளவில் கறுத்துத் தடித்த ஒரு செப்புத் துண்டு கிடந்தது. ஏதோ பழைய எடைக்கல் என்று அப்பா ஒதுக்கி வைத்துவிட்டார். புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம் என்று எனக்கும் கை துறுதுறுத்தது. நல்லவேளையாகச் செய்யவில்லை, ஏனெனில் அப்படித் தேய்த்தால் எஞ்சியிருக்கும் உருவமும் மழுங்கிப்போகும்.

1910-இல் சமஸ்தானம் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம், அந்த அம்மன் குடிகொண்ட திருக்கோகர்ணத்திலேயே இருக்கிறது. அங்கே காசுகள் பகுதியில் நின்றபோதுதான் என் சட்டைப்பையில் இருப்பது புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரசர்கள் அடித்த அம்மன் காசு என்று புரிந்தது. கண்ணாடிக்குள் இருந்ததில் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம் தெளிவாகத் தெரிந்தது. என்னுடையதிலோ அச்சு விலகி விழுந்ததால் தலை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசுகளில் இது சாதாரணம் என்றாலும், தலையில்லாத அம்மனைப் பார்க்க மனம் சற்றுச் சங்கடப்பட்டது.

பின்புறத்துச் சுழிகளைக் கொடியோ பாம்போ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆந்திரத்துப் பெண்மணி ஒருவர் எட்டிப் பார்த்து, "விஜய" என்று சட்டென வாசித்துவிட்டார். அது தெலுங்கு எழுத்து. தமிழ்நாட்டு அரசர் தமிழ்நாட்டு அம்மனோடு தெலுங்கில் காசு அடித்தது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. நாயக்கர் காலம் முதல் தென்னாட்டு அரசவைகளில் தெலுங்குக்கு இருந்த செல்வாக்கை எண்ணியபோது வியப்பு அடங்கியது.

அன்று இருபது அம்மன் காசு ஓர் அணா; பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால், ஒரு ரூபாய்க்கு 320. இவ்வளவு சிறிய மதிப்புள்ள காசை, நவராத்திரி நாள்களில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்துத் தானமாக வழங்கியிருக்கிறார்கள். அப்பத்தாவின் முன்னோரில் யாரோ அந்த வரிசையில் நின்று முந்தானையில் வாங்கியதாகத்தான் இது இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சந்தையில் மிச்சச் சில்லறையாகவும் வந்திருக்கலாம். இதே சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ சுருக்குப்பைக்குள் புழங்கிய செம்புதான் ஊரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்வதாகத் தோன்றுகிறது.

வீடு திரும்பிச் சட்டைப்பையைத் துழாவினால் காசைக் காணவில்லை. பேருந்தில் விழுந்திருக்கும் என்று அப்பா திட்டத் தொடங்கினார். வேறு வழி தெரியாமல் வெல்லத்தை எடுத்துவந்து மாடத்தில் வைத்தேன். பயணச்சீட்டை மடித்து வைத்திருந்தேன் அல்லவா, அதற்குள்ளேயே இருந்தது.