புதுப்பிப்பு: ஃபேட் பைக்கில் (தடித்த டயர் சைக்கிளில்) டயரை உரசும் செயின்

முன்பக்கம் ஒற்றைப் பல்சக்கரம் போதும் என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். 4 அங்குல டயரில், பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குப் போனதும் செயின் டயர் ஓரத்தை உரசலாம். காசு செலவழிக்கும் முன், பின்சக்கரம் ஃபிரேமின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் சாய்ந்திருந்தாலே உரசும். சரியாக இருந்தும் உரசினால், முன் பல்சக்கரத்தை 2 மி.மீ. வாஷர் வைத்து வெளியே தள்ளுங்கள். போல்ட் நீளமானதாக வேண்டும், பழையது மரையில் போதுமான அளவு பிடிக்காது. செயினுக்கும் டயருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள்: மணலுக்காக காற்றை 8 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் பக்கவாட்டில் நெளியும்.

செயின் நீளம்: டிரேலியரை (செயினை நகர்த்தி கியர் மாற்றும் பின்பக்கக் கருவி) தவிர்த்து, முன் பல்சக்கரத்திலும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் சுற்றி, 1 அங்குலம் கூட்டி வெட்டுங்கள். அதைவிடக் குறைந்தால் கியர் மாற்றும்போது டிரேலியர் முறியலாம்.