இரண்டு ஆண்டா, மூன்று ஆண்டா? நிலுவைத் தொகையும் இணையவழி இலவசச் சட்ட ஆலோசனையும்: அனுபவப் பகிர்வு

உட்லண்ட்ஸ், கேட்டரிங் தொழில்

வணக்கம். வாடிக்கையாளரிடம் பணம் நின்றுபோய், வழக்கறிஞருக்குக் கொடுக்கக் கையில் பணமும் இல்லாமல், இணையத்தில் இலவச ஆலோசனை தேடிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். அவர்களுக்காக எனக்கு நேர்ந்ததைத் தேதி வாரியாக எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். ஆனால் சிங்கப்பூரில் நேர்ந்ததை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணம் கீழே வருகிறது.

2022 நவம்பரில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், தீபாவளி ஒன்றுகூடலுக்காக எங்களிடம் மதிய உணவு கேட்டது. 360 பேர், தலைக்கு 24 வெள்ளி, மொத்தம் 8,640 வெள்ளி. முன்பணமாக 2,000 வெள்ளி வந்தது. மீதி 6,640 வெள்ளியை இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளில் தருவதாகப் பேச்சு. அதன் பிறகு நடந்ததைத் தொழில் செய்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "அடுத்த வாரம்" என்றார்கள், "கணக்குப் பிரிவில் இருக்கிறது" என்றார்கள், பிறகு ஃபோனை எடுப்பதையே நிறுத்தினார்கள். 2023 முழுவதும் இப்படியே போயிற்று.

நான் அவசரப்படாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பணம் வராவிட்டால் என்ன செய்யலாம் என்று தமிழில் தேடிப் பார்த்திருந்தேன். வர வேண்டிய கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டால் போதும், முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், காசோலை திரும்பினால் 138ஆம் பிரிவின் கீழ்ப் புகார் கொடுக்கலாம் என்று ஒரு காணொளியில் மிகத் தெளிவாக விளக்கியிருந்தார்கள். அந்தக் காணொளியில் தவறொன்றும் இல்லை. அது இந்தியச் சட்டம், அந்த நாட்டுக்கு அது சரி. தமிழில் கேட்டதாலேயே அது எனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டு இருக்கிறது, பெருநாள் ஆர்டர்களை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

2024 செப்டம்பரில், சிறு வணிகர்களுக்காக நடந்த ஓர் இணையவழி இலவச ஆலோசனையில் 20 நிமிடம் கிடைத்தது. ஸூமில் வந்த வழக்கறிஞர் என் வருத்தங்களைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு தேதிகளைக் கேட்டார். உணவு கொடுத்த தேதி எது, பணம் தர வேண்டிய கடைசித் தேதி எது? இரண்டையும் சொன்னேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் கெடு, உங்களுக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை என்றார். சிங்கப்பூரில் ஒப்பந்தம் தொடர்பான வழக்கை நீதிமன்றத்தில் போடப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் பணமே போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் என்னுடையது பிரைவேட் லிமிடெட் நிறுவனம். நீதிமன்றத்தில் நிறுவனத்துக்குப் பொதுவாக வழக்கறிஞர்தான் வாதாட வேண்டும். இயக்குநரே வாதாட நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். நடுவர் மன்றத்திலோ இரு தரப்பிலும் வழக்கறிஞருக்கு இடமில்லை, இயக்குநரான நானே பேசலாம். 6,640 வெள்ளிக்காக வழக்கறிஞரை அமர்த்தி வழக்கு நடத்தினால் மிஞ்சுவது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், அந்த இரண்டு ஆண்டுக் கெடுவின் மதிப்பு எனக்கு உறைத்தது.

அடுத்து, இன்வாய்ஸைத் திரையில் காட்டச் சொன்னார். "இது நிறுவனத்தின் பெயரா, கடைப்பெயரா?" என்றார். அவர்களுடைய வேனிலும் முகநூலிலும் இருந்த பெயரைத்தான் நான் எழுதியிருந்தேன். அன்று மாலையே, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளி கட்டி நிறுவன விவர அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பதிவு செய்த பெயர் முற்றிலும் வேறாக இருந்தது. கடைப்பெயரிலேயே உத்தரவு வாங்கியிருந்தால் அதை யார்மீது நிறைவேற்றுவது?

மனுவை அரசு நீதிமன்றங்களின் சிஜேடிஎஸ் தளத்தில் நானே பதிவு செய்தேன். 5,000 வெள்ளிக்கு மேல் 10,000 வரையிலான கோரிக்கைக்கு நிறுவனங்கள் கட்ட வேண்டியது 100 வெள்ளி. தனிப்பட்ட பயனீட்டாளர் என்றால் 20 வெள்ளிதான். எதிர்த்தரப்பு 320 பேருக்குத்தான் ஆர்டர் கொடுத்தோம் என்று பதில் போட்டது. 40 பேருக்கான 960 வெள்ளி இப்போது பிரச்சினையாயிற்று. ஒன்றரை நாள் தேடி, சமையற்கூடத்து அலமாரியிலிருந்து அன்றைய டெலிவரி ஆர்டரின் மஞ்சள் நகலை எடுத்தேன். ஓரத்தில் சாம்பார்க் கறை. அச்சிட்ட 320 என்ற எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் நீலப் பேனாவால் 360 என்று எழுதி, அதற்குக் கீழே அவர்களுடைய மேற்பார்வையாளரே நேரத்தையும் குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றினேன்.

அதே தளத்தில் இரு தரப்பும் தொகையை முன்வைத்துப் பேரம் பேசிக்கொள்ளலாம். அவர்கள் 4,000 என்றார்கள், பிறகு 5,500 என்றார்கள், அங்கே முடியவில்லை. பதிவாளர் முன்னிலையில் நடந்த கலந்தாலோசனையில் 6,200 வெள்ளியை இரண்டு தவணையாகத் தருவதற்கு ஒப்புக்கொண்டார்கள். அது உத்தரவாகவே பதிவாயிற்று. இரண்டு தவணையும் பேநவ்வில் வந்துவிட்டன.

தேக்கா, அழகு நிலையம்

என் அனுபவம் வேறு மாதிரியானது. கடையைக் காலி செய்தபோது உரிமையாளர் 7,800 வெள்ளி வைப்புத்தொகையைப் பிடித்துக்கொண்டார். சுவரையும் தரையையும் பழைய நிலைக்குக் கொண்டுவர அதற்கு மேல் செலவானது என்றார். சிஜேடிஎஸ் தளத்தில் மனுப் போடும் முன்னரே சில கேள்விகள் வருகின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான், நடுவர் மன்றம் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை மட்டுமே விசாரிக்கும், கடை வாடகையை விசாரிக்காது என்று தெரிந்தது. 100 வெள்ளி கட்டிய பிறகு தெரியாமல் கட்டும் முன்னரே தெரிந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு ஓர் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தை அணுகினேன். தனிமனிதரின் சொந்த விவகாரங்களுக்குத்தான் ஆலோசனை, வணிகப் பூசலுக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். சட்ட உதவி அலுவலகமும் வருமான வரம்புக்கு உட்பட்ட தனிமனிதருக்குத்தான் உதவுகிறது, நிறுவனத்துக்கு அல்ல. அன்றைக்கு மனம் உடைந்துதான் போனேன். ஐந்து ஆண்டு அந்தக் கடையில் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை நின்றவள் நான். "வணிகம்" என்ற ஒரு சொல்லால் நான் தனிமனிதர் இல்லாமல் ஆகிவிட்டேனா என்று தோன்றிற்று. அந்த விதிகளுக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஓராள் நடத்தும் கடைக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அவை போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சில்லறை வணிக இடங்களின் குத்தகைக்கு என்றே ஒரு சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது என்று இணையத்தில் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அது அந்தத் தேதி முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்குத்தான். என்னுடையது பழையது. அதற்குப் பின் கையெழுத்திட்ட, ஓராண்டுக்கு மேற்பட்ட கடைக் குத்தகை உடையவர்கள் அதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். இறுதியில், எனக்குப் பதில் எழுதிய தொண்டூழிய வழக்கறிஞர் ஒருவர் சமரசப் பேச்சை முன்மொழியச் சொன்னார், அதற்கான கடிதத்தையும் திருத்திக் கொடுத்தார். உரிமையாளர் இசைந்தார். காலி செய்த நாளில் நான் எடுத்து வைத்திருந்த 46 படங்கள் அங்கே பேசின. 5,000 வெள்ளி திரும்பக் கிடைத்தது.

காக்கி புக்கிட், குளிர்சாதனப் பராமரிப்பு

எனக்கு வர வேண்டியது 23,400 வெள்ளி. நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000. இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வரை போகலாம். எதிர்த்தரப்பு இசையவில்லை. ஒரே ஒப்பந்தம்தான் என்றாலும் இரண்டு இன்வாய்ஸ் இருக்கிறதே, இரண்டு மனுவாகப் போட்டால் என்ன என்று இணையவழி ஆலோசனையில் கேட்டேன். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே கோரிக்கையைத் துண்டாக்க முடியாது, வேண்டுமானால் 20,000க்கு மேற்பட்டதைக் கைவிடலாம் என்றார்கள். கைவிட்டதைப் பிறகு கேட்க முடியாது. 3,400 வெள்ளியை விட்டுக்கொடுப்பதா, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போவதா என்று ஒரு வாரம் தூங்கவில்லை. விட்டுக்கொடுத்தேன். கட்டணம் 3 விழுக்காடு, அதாவது 600 வெள்ளி.

நண்பர் ஒருவர் மூன்று வாரக் கெடுவுடன் சட்டப்படியான கடன் கோரிக்கைக் கடிதம் அனுப்பு, நிறுவனத்தையே கலைக்கச் சொல்லி மனுப் போடுவோமோ என்று பயந்துவிடுவார்கள் என்றார். கடன் 15,000 வெள்ளிக்கு மேல் என்பதால் தொகை பொருந்தியது. ஆனால் வேலையில் குறை என்று அவர்கள் ஏற்கெனவே எழுத்தில் மறுத்திருந்தார்கள். உண்மையான தகராறு உள்ள கடனுக்கு அந்த வழியை எடுத்தால் அது நம்மீதே திரும்பும் என்று வழக்கறிஞர் தடுத்தார். அந்த ஒரு பதிலுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தெம்பனிஸ், வீட்டிலிருந்து கேக் விற்பனை

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் பணம் கேட்டவர்கள். என்மீது வழக்கு வந்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து ஒரிஜினேட்டிங் கிளெய்ம் என்ற ஆவணம் வீட்டு வாசலில் கையில் கொடுக்கப்பட்டது. கை நடுங்கிற்று. நான்கு நாள் அதை மளிகைப் பில்களோடு இழுப்பறைக்குள் வைத்திருந்தேன்.

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கையில் கிடைத்த 14 நாளுக்குள், வழக்கை எதிர்க்கும் எண்ணம் உண்டு என்ற அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும்; 21 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். அறிவிப்பே போடாவிட்டால், நம் பக்கத்தைக் கேட்காமலேயே எதிர்த்தரப்பு தீர்ப்பு வாங்கிவிடலாம். என்னுடையது தனி உரிமையாளர் வணிகம் என்பதால் நானே வாதாட முடிந்தது.

எதிர்வாதத்தை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுத வைத்தேன். அழகான ஆங்கிலம், நடுவில் இரண்டு முன்தீர்ப்புகள். இலவச ஆலோசனையில் அதைக் காட்டியபோது, வழக்கறிஞர் அங்கேயே தேடிப் பார்த்துவிட்டு, இந்த இரண்டில் ஒன்று இல்லவே இல்லை, மற்றொன்று வேறு விஷயம் என்றார். நீதிமன்றங்களின் வழிகாட்டி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. அத்தகைய செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் தாக்கல் செய்யும் ஒவ்வொரு வரிக்கும் நாமே பொறுப்பு என்கிறது அது. இரண்டையும் எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் பத்து வரியில் எழுதிக் கொடுத்தேன். வழக்கு பிறகு சமரசமாக முடிந்தது.

உட்லண்ட்ஸ், கேட்டரிங் தொழில்

எல்லாருக்கும் நன்றி. அழகு நிலையம் நடத்தும் சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எந்த வாசல் நமக்கு இல்லை என்று தெரிந்துகொள்வதற்கே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது; அதை இங்கே எழுதியது பெரிய உதவி.

தனிச்செய்தியில் இருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தயங்க வேண்டாம். விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆனால் ஆதாரங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மேலாளர் வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பிய குரல்பதிவுகள் ஏழு என்னிடம் இருந்தன. "அண்ணே, தீபாவளி முடியட்டும், முழுசா குடுத்துடறோம்" என்று ஒன்றில் அவரே சொல்லியிருந்தார். அவற்றை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, தேதியும் நேரமும் போட்டுச் சேர்த்தேன். ஆலோசனைக்குப் போகும் முன்னரே இதைச் செய்துவிடுங்கள். அந்த 20 நிமிடத்தில் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தால் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது. எனக்குக் கிடைத்த வழக்கறிஞருக்கு நான் ஒரு பக்கத்தில் தேதி வரிசையை முன்னதாகவே அனுப்பியிருந்தேன். அதை வைத்துத்தான் அவரால் முதல் நிமிடத்திலேயே கெடுவைச் சொல்ல முடிந்தது.

உத்தரவு கிடைத்தும் பணம் தராவிட்டால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நீதிமன்ற உத்தரவைப் போலவே அதையும் நிறைவேற்றச் சொல்லி மனுப் போடலாம். அதற்குத் தனிச் செலவு உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை என்பதால், செய்து பார்த்தவர்கள் எழுதினால் நல்லது.

எங்கள் டெலிவரி ஆர்டர் புத்தகத்தைப் புதிதாக அச்சடித்துவிட்டோம். வாடிக்கையாளரின் அக்ரா பதிவுப் பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் தனி வரி இருக்கிறது. பரிமாறிய எண்ணிக்கை மாறினால் எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு கட்டம் இருக்கிறது. மஞ்சள் நகல் இப்போது அன்றிரவே அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது.