மலையில் கிடைக்காத மலைப்பாம்பு

அன்பர்களே, பள்ளிப் பிள்ளைகளுக்கான புதைபடிவ நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டைட்டனோபோவா, வாசுகி என்பவை அழிந்துபோன இரண்டு பாம்புகளின் பேரினப் (genus) பெயர்கள், அவற்றைத் தொடவில்லை. இந்த மாதிரிப் பூதாகரமான பாம்புகளுக்குப் பொதுவாக ஒரு சொல் வேண்டும். 'மலைப்பாம்பு' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த ஆசிரியை, "ஒன்று கிடைத்தது கொலம்பியாவில் செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில், இன்னொன்று கட்ச் பகுதியில் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், மலை எங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டார்.

---

இதற்கா இத்தனை தவிப்பு? பெரிய பாம்புக்குச் சங்கப் பாட்டிலேயே மாசுணம் என்ற சொல் இருக்கிறதே! விழுந்த மரம்போல் வழியில் மாசுணம் கிடக்கும், விலகிப் போங்கள் என்று மலைபடுகடாம் சொல்கிறது. டைட்டனோபோவா 13 மீட்டர், ஒரு டன்னுக்கு மேல் எடை, மரமேதான். சொல்லின் வேர் 'சுணங்கு' என்பது என் நெடுநாள் துணிபு. மா + சுணங்கு, அதாவது உடலெங்கும் பெரும்புள்ளி. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

---

எழுத வேண்டாம் ஐயா. சுணங்கு பெண்கள் மேனியில் படரும் தேமல், அதைப் பாம்பின் முதுகில் ஏற்றாதீர்கள். வாசுகிக்குக் கிடைத்ததே 27 முள்ளெலும்புகள்தான், புள்ளி எங்கே தெரிந்தது? 'மாசுணம்' என்றால் பிள்ளைகள் மாசுக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். உரைகளில் மாசுணத்துக்கு எழுதியிருக்கும் பொருளே 'பெரும்பாம்பு'. அதுவே போதும்.

---

குறுக்கே வருகிறேன். அதைவிடப் பெரிய குழப்பம் புவியின் வரலாற்றுப் பகுதிகளுக்கான காலப்பெயர். டைட்டனோபோவா பேலியோசீன், 6 கோடி ஆண்டை ஒட்டி. வாசுகி இயோசீன், சுமார் 4.7 கோடி. இரண்டும் பேலியோஜீனுக்குள் அடக்கம். மூன்றுக்கும் 'காலம்' என்றே போட்டால் எது எதற்குள் இருக்கிறது என்று யாருக்குப் புரியும்? பெரியதற்கு ஊழி, உள்ளே வருவதற்குக் காலம் என்று வைக்கலாமே.

---

பேலியோஜீனுக்கே ஊழி என்றால், அதற்கும் மேலே உள்ள சீனோசோயிக்குக்கு என்ன வைப்பீர்கள்? பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்று ஊழிக்கணக்கு வருகிறது. இயோசீனைக் குவளை என்று வைத்துக்கொள்ளலாமா? (விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் யோசிக்க யோசிக்கப் பிடித்துப்போகிறது.)

---

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை. 'பெரும்பாம்பு' என்று போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் மாசுணம். ஆறு பேரில் நால்வர் சரி என்றார்கள். காலப்பெயரை இந்தப் பதிப்பில் தொடவில்லை, மூன்றும் 'காலம்'தான்.

---

நற்றிணையில் களிற்றையே வளைத்துப் பிடிக்கிற மாசுணத்தை அடைப்புக்குறிக்குள் அடைத்துவிட்டீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சுணங்கு பற்றிய கட்டுரை நாளை வரும்.