ராத்திரி பதினொன்று ஆனால் என்எஃப்எஸ் உறைந்துபோகிறது, எங்கே பார்ப்பது?

எல்லைவாசி:
வணக்கம். தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு த்ரீடி ஆபீஸ் வைத்திருக்கிறோம். வீட்டு எலிவேஷன் (முகப்புப் படம்), வாக்த்ரூ (வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற வீடியோ). பார்ட்டிகள் பாதிப் பேர் கேரளப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள். சிங்ஙம் (மலையாள ஆவணி) பிறந்ததும் கல்லிட நினைக்கிறவர்கள் ஆடி முழுக்க எங்களைத் தூங்க விடுவதில்லை. பிரச்சினையும் இந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

ரெண்டர் மெஷின் (த்ரீடி காட்சியைப் படமாக்குவது) 12, எல்லாம் உபுண்டு 22.04, பிளெண்டர் என்ற த்ரீடி சாஃப்ட்வேர். நடுவில் ஒரு என்எஃப்எஸ் சர்வர் (எல்லா மெஷினும் நெட்வொர்க் வழியாக ஒரே ஃபோல்டரில் எழுத): 64 ஜிபி ராம், நான்கு டிஸ்க்கில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத மாதிரி சேர்த்தது), கிகாபிட் ஸ்விட்ச். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி 11 மணிக்கு மேல் 12 மெஷினும் ஃபிரேம் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நிற்கிறது. ஃபைல் பட்டியல் கேட்டு எல்எஸ் அடித்தால்கூட கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. லாகில் ‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்’. ஆறேழு நிமிடம் கழித்து ‘ஓகே’ என்று ஒரு வரி, பிறகு ஓட ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப அதே கதை. இரண்டு மணி வரை இப்படித்தான்.

நின்றிருக்கும் நேரத்தில் சர்வருக்கு பிங் போட்டால் ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் வருகிறது. சிபியு சும்மா கிடக்கிறது. ஸ்விட்ச்சை மாற்றிப் பார்த்துவிட்டேன், காசு போனதுதான் மிச்சம்.

ரப்பர்காடு:
கேபிள் பார்த்தீர்களா? ஈத்டூலில் (நெட்வொர்க் கார்டு நிலையைக் காட்டும் கமாண்ட்) ஸ்பீடு 1000 என்றுதான் காட்டுகிறதா? எங்கள் கடையில் எலி கடித்த ஒரு வயர் 100க்கு இறங்கி ஒரு மாதம் ஆட்டம் காட்டியது. ஜம்போ ஃபிரேம் (பெரிய நெட்வொர்க் பாக்கெட்) வைத்திருந்தால் எல்லா மெஷினிலும் எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, ஒன்றா என்றும் பாருங்கள். ஒன்றில் 9000, இன்னொன்றில் 1500 என்றிருந்தால் பிங் போகும், பெரிய டேட்டா சிக்கும்.

எல்லைவாசி:
எல்லாம் 1000, ஃபுல் டூப்ளெக்ஸ். எம்டியு எல்லாவற்றிலும் 1500.

குழித்துறை_பாலம்:
கிளையண்ட் மெஷினில் சர்வர் ஃபோல்டரை இணைக்கிற மவுண்டில் ‘ஹார்ட்’ (பதில் வரும்வரை விடாமல் காத்திரு) என்றிருப்பதை ‘சாஃப்ட்’ ஆக்கிவிடுங்கள். தொங்காது.

நாலாம்ரேக்:
அண்ணே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாஃப்ட் என்றால் குறிப்பிட்ட நேரம் பார்த்துவிட்டு கிளையண்ட் ‘ஐஓ எரர்’ என்று கைவிட்டுவிடும். அந்த எரரை எழுதுகிற புரோகிராம் ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்றால் பாதி எழுதிய ஃபைல் முழு ஃபைல் மாதிரியே உட்கார்ந்திருக்கும். காலையில் வாக்த்ரூவை பார்ட்டிக்குப் போட்டுக் காட்டும்போது 412வது ஃபிரேமில் பாதி வீடு கறுப்பாக நிற்கும். எழுதுகிற மவுண்ட்டுக்கு ஹார்ட்தான் சரி. தொங்குவது வியாதி இல்லை, வியாதியின் அறிகுறி.

அந்த லாக் வரியைப் பற்றி இன்னொன்று. டிசிபியில் டைமியோ, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், இயல்பாக 600. பத்தில் ஒரு விநாடிக் கணக்கு, ஆக 60 விநாடி. அவ்வளவு நேரம் காத்திருந்து, மறுபடி கேட்டு, அதற்கும் பதில் வராதபோதுதான் அந்த வரி விழும். நீங்கள் அதைப் பார்க்கும்போதே சர்வர் சில நிமிடமாக வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். பிங் உடனே வருகிறது என்கிறீர்கள், ஆகவே லைனில் குறை இல்லை. சர்வருக்குள் பாருங்கள்.

ரப்பர்காடு:
அப்படியென்றால் என்எஃப்எஸ்டி (சர்வரில் கோரிக்கைகளைக் கவனிக்கிற புரோகிராம்) திரெட் எண்ணிக்கை? உபுண்டு 22.04இல் இயல்பாக 8தான். 12 மெஷினுக்குப் போதாது.

எல்லைவாசி:
என்எஃப்எஸ் கான்ஃபில் 64 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன். நேற்று ராத்திரி இன்னும் மோசம்! லோடு ஆவரேஜ் முன்பு 10 பக்கம் நிற்கும், இப்போது 60ஐத் தாண்டிவிட்டது. சிபியு அப்போதும் சும்மாதான் இருக்கிறது. இது எப்படி என்றே புரியவில்லை.

நாலாம்ரேக்:
லினக்ஸில் லோடு ஆவரேஜ் என்பது சிபியு கணக்கு மட்டும் இல்லை. டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு ‘டி’ நிலையில் நிற்கிற புராசஸ்களையும் சேர்த்து எண்ணும். முதலில் 8 திரெட் மாட்டிக்கொண்டு நின்றது, இப்போது 64 நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் ஊர் செக்போஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் எத்தனை வரிசை போட்டாலும் அந்தப் பக்கம் ரோடு ஒன்றுதானே. எல்எஸ் தொங்குவதும் இதனால்தான்: எல்லா திரெட்டும் எழுத முடியாமல் நிற்கும்போது, படிக்க வந்தவனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

இன்று ராத்திரி நிற்கிற நேரத்தில் சர்வரில் இரண்டு மட்டும் பாருங்கள். ஒன்று, ப்ராக் மெம்இன்ஃபோவில் ‘டர்ட்டி’ (ராமில் இருந்து இன்னும் டிஸ்க்கில் இறங்காதது), ‘ரைட்பேக்’ (இறங்கிக்கொண்டிருப்பது) என்ற இரண்டு வரி. இரண்டு, டிஸ்க் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் எக்ஸ் போட்டு எந்த டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ரைட் அவெய்ட் (எழுதக் காத்திருக்கும் நேரம்) எவ்வளவு என்று. அப்புறம் ஒரு கேள்வி: 11 மணிக்கு சர்வரில் வேறு ஏதாவது ஓடுகிறதா?

எல்லைவாசி:
வேறு ஒன்றும் ஓடவில்லை.

எல்லைவாசி:
மன்னிக்கணும், ஓடுகிறது.

ராத்திரி 11:20க்கு நின்றபோது சர்வர் ரூமிலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன். டர்ட்டி 11 ஜிபிக்கு மேல். ஐஓஸ்டாட்டில் நான்கு ரெய்டு டிஸ்க்கும் கிட்டத்தட்ட சும்மா, எஸ்டிஇ என்று ஒன்று மட்டும் 100 சதவீதம். நம்மிடம் ஐந்தாவது டிஸ்க் ஏது என்று குனிந்து பார்க்கிறேன், சர்வருக்குப் பின்னால் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், நீல லைட் விடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வருகிறதே என்று பயந்து, ட்ரோன் வீடியோக்களை தினமும் 11 மணிக்கு இதில் காப்பி செய்ய க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடவைப்பது) நானே போட்டது! மே மாதம் போட்டு மறந்தே போய்விட்டேன். போதாக்குறைக்கு அது சொருகியிருந்தது பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில்.

ஆனால் இது ஏன் ரெய்டில் எழுதுகிறவர்களையும் நிறுத்துகிறது? இரண்டும் வேறு வேறு டிஸ்க் ஆயிற்றே.

நாலாம்ரேக்:
டிஸ்க் வேறு, ராம் ஒன்று. எழுதுகிற எல்லாம் முதலில் ராமில்தான் விழும், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பிறகு மெதுவாக டிஸ்க்கில் இறக்கும். இப்படி இறக்காமல் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு மொத்தமாக ஒரு எல்லை உண்டு, அதுதான் டர்ட்டி ரேஷியோ. இயல்பாக 20 சதவீதம். 64 ஜிபி மெஷினில் சுமார் 12 ஜிபி. காப்பி வேகமாக ராமை நிரப்பிவிடுகிறது, யூஎஸ்பி 2 விநாடிக்கு 30 எம்பி சொச்சம்தான் இறக்கும். எல்லை தொட்டதும் எழுத வருகிற யாரையும் கர்னல் பிடித்து நிறுத்தும், அதில் என்எஃப்எஸ்டியும் அடக்கம். டிஸ்க்வாரியாகப் பங்கு பிரிக்கிற கணக்கு கர்னலில் இருக்கிறது, ஆனால் நெருக்கடியில் அது முழுதாகக் காப்பாற்றுவதில்லை. 12 ஜிபியை 30 எம்பியால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 400 விநாடி. நீங்கள் சொன்ன ஆறேழு நிமிடம்.

செய்ய வேண்டியது: கர்னல் அமைப்புகளை மாற்றுகிற சிஸ்கன்ட்ரோலில் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் (பின்னணியில் இறக்க ஆரம்பிக்கிற அளவு) 67108864, டர்ட்டி பைட்ஸ் (நிறுத்துகிற எல்லை) 268435456. அதாவது 64 எம்பி, 256 எம்பி. பைட்ஸ் கொடுத்தால் அதற்கான ரேஷியோ தானாக 0 ஆகிவிடும், பயப்பட வேண்டாம். சிஸ்கன்ட்ரோல் ஃபோல்டரில் ஒரு ஃபைலாக எழுதி வைத்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். பேக்கப்பை காலையில் வையுங்கள், காப்பி செய்கிற ஆர்சிங்க்கில் பேண்ட்விட்த் லிமிட் (வேக வரம்பு) போடுங்கள், யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு மாற்றுங்கள். திரெட் 32 போதும்.

குழித்துறை_பாலம்:
சர்வர் ஃபோல்டரைப் பகிர்கிற எக்ஸ்போர்ட்டில் ‘ஏசிங்க்’ போட்டால் இன்னும் பறக்குமே?

நாலாம்ரேக்:
பறக்கும். டிஸ்க்கில் இறங்கும் முன்பே ‘எழுதியாச்சு’ என்று கிளையண்ட்டிடம் சொல்லிவிடும், கரண்ட் போனால் அந்த ஃபிரேம் எங்கேயும் இருக்காது. ஆடி மாதத்தில் அந்த ஊர் கரண்ட்டை நம்பி நான் போட மாட்டேன்.

எல்லைவாசி:
நான்கு ராத்திரி ஆகிவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. டர்ட்டி 200 எம்பியைத் தாண்டுவதே இல்லை. ஃபிரேமை முதலில் அந்தந்த மெஷினின் எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு, முடிந்தபின் சர்வருக்கு நகர்த்துகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட்டும் போட்டேன். ரொம்ப நன்றி அண்ணே.

ஒரே ஒரு சந்தேகம். பழைய லாகைப் புரட்டினால் பேக்கப் போடுவதற்கு முன்பும், மார்ச், ஏப்ரலில், தலா ஒரு ராத்திரி மந்தமாகியிருக்கிறது. இரண்டும் மாதத்தின் முதல் ஞாயிறு.

நாலாம்ரேக்:
அது ரெய்டு செக். உபுண்டுவில் எம்டி அரேவை, அதாவது சாஃப்ட்வேர் ரெய்டை, மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு மணி வாக்கில் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும். ப்ராக் எம்டிஸ்டாட்டில் ‘செக்’ என்று சதவீதத்தோடு ஓடும். நிறுத்திவிடாதீர்கள், ரெய்டு 5க்கு அது தேவை. ப்ராக் சிஸ் டெவ் ரெய்டில் ஸ்பீடு லிமிட் மேக்ஸ் (விநாடிக்கு இத்தனை கேபி) 200000 என்றிருக்கும், 30000க்குக் குறைத்துப் பாருங்கள். செக் முடிய அதிக நேரம் எடுக்கும், ரெண்டர் மூச்சுவிடும்.

எல்லைவாசி:
குறைத்துவிட்டேன். வருகிற ஞாயிறுதான் முதல் ஞாயிறு, அன்றைக்கே நெய்யாற்றின்கரைக்காரருக்கு 900 ஃபிரேம் போக வேண்டும். திங்கட்கிழமை காலையில் வந்து சொல்கிறேன்.