11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி: தகவல் தேவை

வணக்கம். என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தவர். இத்தாலியில் 4-ஆவது இந்திய டிவிஷனோடு இருந்த பொறியாளர் பிரிவு அது. பாலச் சாமான், பட்டறை, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் இவர்கள் தலையில்தான். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோவில் வெடிக்கவிருந்த கண்ணிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியம் இதே கம்பெனிதான்.

கையில் இருப்பது இத்தாலி ஸ்டார் என்ற போர்ப் பதக்கம் மட்டும். பின்பக்கம் அவருடைய படை எண்ணும் பெயரும் பாதி தேய்ந்துவிட்டன. கடைசி இரண்டு இலக்கம் 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. பெங்களூருவில் உள்ள சாப்பர்ஸ் ஆவணப் பிரிவுக்கு எழுத முழு எண் கட்டாயமா? பெயர், ஊர் போதுமா? கம்பெனியின் போர்க்கால நாட்குறிப்பு, குழுப்படம் யாரிடமாவது இருக்கிறதா? செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கத்து சாப்பர் குடும்பங்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.